அட்டை வரும்வரை: ஜெர்மனியில் விண்ணப்பித்துவிட்டுக் காத்திருப்பவர்களுக்கு

ஜெர்மனிக்குப் படிக்கவோ வேலைக்கோ போன தமிழர்கள் கூடுகிற இடங்களில் அடிக்கடி அடிபடும் கேள்வி இது: "விசா அடுத்த வாரம் முடிகிறது. வெளிநாட்டினர் அலுவலகத்தில் டெர்மின் (நேரில் போக வேண்டிய தேதி) மூன்று மாதம் கழித்துத்தான் கிடைத்திருக்கிறது. நடுவில் நான் இங்கே இருப்பது சட்டப்படி சரியா, இல்லை ஊருக்குத் திரும்பிவிட வேண்டுமா?" திரும்ப வேண்டாம். விசா முடியும் தேதிக்கு முன்பே விண்ணப்பம் அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தால், பதில் வரும்வரை நீங்கள் சட்டப்படிதான் அங்கே இருக்கிறீர்கள். டெர்மின் எப்போது, அட்டை எப்போது என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

முதலில் இந்தக் காத்திருப்பு எப்படி வருகிறது என்று பார்த்துவிடலாம். இந்தியக் கடவுச்சீட்டோ இலங்கைக் கடவுச்சீட்டோ வைத்திருப்பவர் நீண்ட காலம் தங்கப் போகிறார் என்றால், கிளம்பும் முன்பே டி வகைத் தேசிய விசா வாங்க வேண்டும். அமெரிக்கா, ஜப்பான், ஆஸ்திரேலியா போன்ற சில நாட்டவர் விசா இல்லாமலே போய் இறங்கி அங்கேயே விண்ணப்பிக்கலாம். நமக்கு அந்தச் சலுகை இல்லை. சென்னையிலோ கொழும்பிலோ ஒட்டித் தரும் அந்த விசா பெரும்பாலும் 3 முதல் 6 மாதம் வரைதான் செல்லும். சிலருக்கு ஒரு வருடம் கிடைக்கும். அதற்குள் வீடு பிடிக்க வேண்டும், குடியேறிய இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும், மருத்துவக் காப்பீடு எடுக்க வேண்டும், பிறகு குடியிருப்பு அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். அனுமதி கிடைத்தால் அது பிளாஸ்டிக் அட்டையாக வரும். 2011 செப்டம்பர் முதல் இந்த அட்டை முறைதான். எல்லா ஊர்களுக்குமான அட்டைகளும் பெர்லினில் உள்ள கூட்டாட்சி அச்சகத்தில் தயாராவதால், கைரேகை கொடுத்து முடித்த பிறகும் சில வாரங்கள் ஆகும். பெரிய நகரங்களில் அந்தக் கைரேகைக்கான டெர்மினே மாதக்கணக்கில் தள்ளிப் போகிறது.

இந்த இடைவெளிக்காகவே குடியிருப்புச் சட்டத்தில் ஒரு பிரிவு இருக்கிறது. 2005 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள அந்தச் சட்டத்தின் 81-ஆவது பிரிவை ஜெர்மனியில் வாழும் ஒவ்வொரு வெளிநாட்டவரும் ஒருமுறையாவது படித்துவைப்பது நல்லது. அதன் நான்காம் உட்பிரிவுதான் நமக்கு முக்கியம். கையில் உள்ள விசாவோ அனுமதியோ காலாவதியாகும் முன் நீட்டிப்புக்கோ வேறு வகை அனுமதிக்கோ ஒருவர் விண்ணப்பித்தால், அலுவலகம் முடிவெடுக்கும்வரை பழைய அனுமதியே தொடர்வதாகக் கருதப்படும். தொடர்வது தங்கும் உரிமை மட்டுமல்ல; பழைய அனுமதியில் என்னென்ன எழுதியிருந்ததோ அத்தனையும் அப்படியே தொடரும். ஒரு குறிப்பிட்ட நிறுவனத்தில் வேலை பார்க்கலாம் என்று டி விசாவில் இருந்தால், விசா தேதி முடிந்த மறுநாளும் அதே நிறுவனத்துக்கு வேலைக்குப் போகலாம்.

ஒரு விதிவிலக்கு: சுற்றுலாவுக்கும் உறவினரைப் பார்க்கவும் தருகிற குறுகிய கால ஷெங்கன் விசாவுக்கு இது பொருந்தாது. 180 நாளில் 90 நாள் என்ற கணக்கில் வந்தவர், முடிகிற நேரத்தில் ஒரு விண்ணப்பத்தைப் போட்டுவிட்டு உட்கார்ந்துகொள்ள முடியாது. "முதலில் டூரிஸ்ட் விசாவில் வந்துவிடு, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று ஏஜென்ட் யாராவது சொன்னால் அவரிடமிருந்து ஒதுங்கிவிடுவது நல்லது.

விண்ணப்பித்ததற்கும் அதனால் பிறந்த உரிமைக்கும் சாட்சியாக அலுவலகம் ஒரு தாள் தரும். ஃபிக்ட்சியோன்ஸ்பெஷைனிகுங் என்று வாய் நிறையப் பெயர். இங்கே அதை இடைக்காலச் சான்று என்றே சொல்கிறேன். பலர் தலைகீழாகப் புரிந்துகொள்வது இந்தத் தாளைத்தான். உரிமை விண்ணப்பத்திலிருந்து வருகிறது. தாள் அந்த உரிமை இருப்பதைக் காட்டுகிறது, அவ்வளவுதான். தாள் வாங்கத் தாமதமானால் நீங்கள் சட்டவிரோதமாக ஆகிவிடுவதில்லை. தாளில் அச்சிட்ட தேதி முடிந்து, விண்ணப்பத்துக்கு இன்னும் பதில் வரவில்லை என்றாலும் உரிமை போய்விடாது. ஆனால் அலுவலகத்துக்கு வெளியே உள்ள உலகம் சட்டப்பிரிவைப் பார்ப்பதில்லை, தாளைத்தான் பார்க்கிறது. ஊழியரின் அனுமதியைச் சரிபார்த்து நகல் வைத்துக்கொள்வது முதலாளியின் சட்டக் கடமை என்பதால், அட்டையின் தேதி நெருங்கும்போதே மனிதவளத் துறையிலிருந்து மின்னஞ்சல் வரத் தொடங்கும். வங்கி கேட்கும், விமான நிறுவனம் கேட்கும். ஆகவே உரிமை இருக்கிறது என்று சும்மா இராமல், தாளையும் எழுதிக் கேட்டு வாங்குங்கள். கட்டணம் 13 யூரோதான். சட்டம் இவ்வளவு தாராளமாக எழுதப்பட்டிருக்க, அதைக் காட்டும் ஒரு தாளுக்காக மக்களை வாரக்கணக்கில் அலையவிடுவது எந்த நியாயத்தில் சேர்த்தி என்று எனக்குப் புரிந்ததில்லை.

சான்றில் மூன்று கட்டங்கள் இருக்கும். அவற்றில் ஒன்றில் குறியிட்டிருப்பார்கள். எந்தக் கட்டம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. முதலாவது, அனுமதி எதுவும் இல்லாமலே சட்டப்படி நாட்டுக்குள் இருந்து விண்ணப்பித்தவருக்கு: தங்கியிருப்பது அனுமதிக்கப்பட்டதாகக் கருதப்படும். இரண்டாவது, அப்படிப்பட்டவரே காலம் தாழ்த்தி விண்ணப்பித்தால்: நாடுகடத்தல் மட்டும் நிறுத்திவைக்கப்பட்டதாகக் கருதப்படும். மூன்றாவதுதான் நான் மேலே சொன்னது, பழைய அனுமதி தொடர்கிறது என்பது. டி விசாவில் வந்து காலத்துக்குள் விண்ணப்பித்த மாணவருக்கும் ஊழியருக்கும் மூன்றாவதில்தான் குறி விழ வேண்டும். அவசரத்தில் மாற்றிக் குறித்துவிடுவதும் உண்டு. ஜன்னலைவிட்டு நகரும் முன்பே பிரித்துப் பாருங்கள்.

பயணத்துக்குக் கிளம்புகிறவர் அந்தக் குறியைத்தான் முதலில் தேட வேண்டும். மூன்றாவது கட்டத்தில் குறி இருந்தால், கடவுச்சீட்டு, காலாவதியான அட்டை அல்லது விசா, இந்தச் சான்று ஆகிய மூன்றையும் சேர்த்துக் காட்டி ஜெர்மனிக்குத் திரும்பி வரலாம். காலாவதியான அட்டைதானே என்று அதை மேசையில் போட்டுவிட்டு வந்தால் சிக்கல்தான். அது இல்லாமல் சான்று மட்டும் போதாது. முதல் இரண்டு கட்டங்களில் குறி இருந்தால் நாட்டைவிட்டு வெளியே போகாதீர்கள், திரும்பி நுழையும் உரிமையை அவை தருவதில்லை. சில நகரங்களில் இணையத்தில் விண்ணப்பித்ததும் ஒரு ஒப்புகைத் தாள் வரும். உள்ளூரில் தங்கவும் வேலை பார்க்கவும் அது உதவும். அதை வைத்துக்கொண்டு விமானம் ஏறக் கூடாது.

சட்டம் சரியாக இருந்தாலும் சென்னை விமான நிலையத்தில் செக்-இன் கவுன்ட்டரில் இருப்பவர் இந்தச் சான்றை அதற்கு முன் பார்த்திராமல் இருக்கலாம். தகுதியில்லாத பயணியை ஏற்றிவிட்டால் அபராதம் விமான நிறுவனத்தின் தலையில் விழும் என்பதால் அவர் தயங்குவதில் வியப்பில்லை. தங்கை கல்யாணத்துக்கு ஊருக்கு வந்தே ஆக வேண்டும் என்றால் விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே கேட்டு, பதிலை எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வேறு ஷெங்கன் நாட்டில் இறங்கி மாறுவதைவிட நேராக ஜெர்மனியில் இறங்கும் விமானம் நல்லது. முகவரிப் பதிவு, சம்பளச் சீட்டு, விண்ணப்ப ஒப்புகை ஆகியவற்றைக் கையில் எடுத்துச் செல்லும் பையில் வையுங்கள். போகாமல் இருக்க முடியுமானால் அட்டை வரும்வரை பொறுப்பதுதான் நிம்மதி.

வேலை விஷயத்தில் படித்து முடித்தவர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று இருக்கிறது. மாணவர் அனுமதியில் வருடத்துக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை பார்க்கலாம். 2024 மார்ச் முதல் இதுதான் அளவு. இப்போது முதுகலை முடிந்தது, ஒரு நிறுவனம் முழுநேர வேலை தருகிறது, ப்ளூ கார்டு என்ற வேலை அனுமதிக்கு விண்ணப்பித்தாயிற்று, சான்றும் மூன்றாவது கட்டத்தில் குறியோடு வந்துவிட்டது. முதல் தேதி வேலையில் சேரலாமா? தொடர்வது பழைய அனுமதி. அதில் இருப்பது மாணவருக்கான அளவு மட்டும். புதிய அனுமதி கொடுக்கலாம் என்று அலுவலகம் தீர்மானித்து, அட்டையை அச்சுக்கு அனுப்பிய பிறகுதான் புதிய வேலைக்கான உரிமை தொடங்கும். அதைச் சான்றிலும் எழுதித் தர வேண்டும். அந்த வரி சான்றில் வந்திருக்கிறதா என்று பார்க்காமல் சேர்ந்துவிட்டால், அனுமதியில்லாமல் வேலை பார்த்ததாக ஆகிவிடும், முதலாளிக்கும் வம்பு. நல்ல நிறுவனம் என்றால் சேரும் தேதியைத் தள்ளித் தரும். கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

இனி விண்ணப்பிப்பது எப்படி என்பது. டெர்மின் கிடைத்த பிறகு நேரில் போய்க் கொடுப்பதுதான் விண்ணப்பம் என்று பலர் நினைத்து நாளைக் கோட்டைவிடுகிறார்கள். டெர்மின் கேட்டுப் பதிவு செய்வதும் விண்ணப்பிப்பதும் வேறு வேறு. உங்கள் ஊர் வெளிநாட்டினர் அலுவலகம் இணையப் படிவம் வைத்திருந்தால் அதில் போடுங்கள். இல்லாவிட்டால் படிவத்தை நிரப்பிக் கையெழுத்திட்டு மின்னஞ்சலிலும் பதிவுத் தபாலிலும் அனுப்புங்கள். எல்லாத் தாள்களும் சேரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். காப்பீட்டுக் கடிதமோ, மாணவரானால் முடக்கக் கணக்கில் (செலவுக்கான பணத்தை முன்கூட்டியே போட்டுவைக்கும் வங்கிக் கணக்கு) வருடத்துக்கு 11,904 யூரோ இருப்பதற்கான சான்றோ பின்னால் வந்து சேரலாம். விண்ணப்பம் தேதிக்குள் போயிருக்க வேண்டும். போய்ச் சேர்ந்ததற்கான ஆதாரம் உங்களிடம் இருக்க வேண்டும், ஏனென்றால் நாளைக்கு "எங்களுக்கு வரவில்லை" என்று அலுவலகம் சொன்னால் நிரூபிக்க வேண்டியவர் நீங்கள். கணவன், மனைவி, பிள்ளை ஒவ்வொருவருக்கும் தனித்தனி விண்ணப்பம். ஜெர்மனியில் பிறந்த குழந்தைக்கு ஆறு மாதத்துக்குள் விண்ணப்பித்தாக வேண்டும். பால்குடிப் பிள்ளைக்கு எதற்கு விசா என்று விட்டுவிடக் கூடாது.

கடவுச்சீட்டின் ஆயுளையும் பாருங்கள். அனுமதி அதைத் தாண்டித் தரப்படாது. எட்டு மாதத்தில் முடிகிற கடவுச்சீட்டோடு போனால் எட்டு மாத அட்டைதான் கையில் வரும். பெயர் நம்மவர்களுக்கென்றே உள்ள தலைவலி. தகப்பனார் பெயர் ஒரு தாளில் குடும்பப் பெயராகவும், இன்னொன்றில் முதலெழுத்தாகவும், மூன்றாவதில் இல்லாமலும் இருக்கும். முகவரிப் பதிவிலேயே கடவுச்சீட்டில் உள்ளபடி எழுதவைத்துவிடுங்கள், மற்றவை அதைப் பின்பற்றும். வேறு ஊருக்குக் குடிபெயர்ந்தால் கோப்பும் புதிய ஊரின் அலுவலகத்துக்குப் போக வேண்டும். அந்தப் பயணத்துக்கே பல வாரங்கள் பிடிக்கும்.

தேதி தவறிவிட்டால்? தாமதமாக விண்ணப்பித்தாலும், அளவுக்கு மீறிய பாதிப்பு ஏற்படும் என்றால் பழைய அனுமதி தொடர்வதாக அலுவலகம் உத்தரவிடலாம். செய்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் அதற்கு இல்லை. ஓரிரு நாள் தாமதம், மருத்துவமனையில் இருந்தீர்கள் என்பது போன்ற காரணம் இருந்தால் ஆதாரத்தோடு உடனே எழுதுங்கள். அனுமதியில்லாமல் தங்குவது அங்கே குற்றவியல் சட்டத்தின் கீழ் வரும் விஷயம், வெறும் அபராதச் சீட்டு அல்ல. நாள் தள்ளிப்போட்டால் விஷயம் முற்றும்.

விண்ணப்பம் மறுக்கப்பட்டால் பழைய அனுமதி தொடர்வதாகக் கருதும் ஏற்பாடு அங்கேயே முடிந்துவிடும். வெளியேறப் பொதுவாக 7 முதல் 30 நாள்வரை அவகாசம் தருவார்கள். முறையீடு செய்தாலே போதும், தொடர்ந்து இருக்கலாம் என்பது தவறான நம்பிக்கை. முறையீட்டால் மறுப்பின் விளைவு தானாக நின்றுவிடாது. நிறுத்திவைக்கச் சொல்லி நிர்வாக நீதிமன்றத்தில் தனியாக அவசர மனு போட வேண்டும். இந்தக் கட்டத்தில் நண்பர்களின் யோசனை போதாது, வெளிநாட்டினர் சட்டம் தெரிந்த வழக்கறிஞர் வேண்டும்.

இந்தச் சான்றோடு குழப்பிக்கொள்ளக் கூடாத இரண்டு தாள்கள் உண்டு. புகலிடம் கேட்டவருக்கு வழக்கு நடக்கும்வரை தருவது ஒன்று. வெளியேற வேண்டியவரை இப்போதைக்கு அனுப்பவில்லை என்று தருவது மற்றொன்று. அதற்கு டுல்டுங் என்று பெயர், குடியிருப்பு அனுமதியில் அது சேராது. எண்பதுகளில் கிழக்கு பெர்லின் வழியாக மேற்கே வந்து சேர்ந்த ஈழத் தமிழர்களில் பலர் இந்த வகைத் தாள்களிலேயே வருடங்களைக் கழித்தவர்கள். அந்தத் தலைமுறைப் பெரியவர் ஒருவர் "இந்தத் தாளோடு ஊரைத் தாண்டவே முடியாது, தம்பி" என்று எச்சரித்தால், அவர் சொல்வது அவருடைய தாளைப் பற்றி. உங்கள் தாளில் எந்தப் பிரிவு எழுதியிருக்கிறது என்று நீங்களே பாருங்கள்.

பதிலே வராமல் இழுத்துக்கொண்டு போனால் ஒரு வழி இருக்கிறது. போதிய காரணமில்லாமல் மூன்று மாதத்துக்கு மேல் முடிவெடுக்காத அலுவலகத்தின் மேல், நிர்வாக நீதிமன்ற நடைமுறைச் சட்டத்தின் 75-ஆவது பிரிவின்படி வழக்குப் போடலாம். அலுவலகத்தைப் பகைத்துக்கொண்டால் அனுமதி கிடைக்காதோ என்று நம்மவர்கள் பயப்படுவார்கள். அங்கே இது சாதாரண நடைமுறை. கேட்ட தாள்களையெல்லாம் கொடுத்தும் பதில் இல்லை என்றால், வழக்குக்கு முன்னால் கெடு வைத்து ஒரு கடிதம் எழுதிப் பாருங்கள். பல நேரம் அதிலேயே கோப்பு நகர்ந்துவிடும்.

அட்டை கைக்கு வந்ததும் பெயரையும் தேதியையும் மட்டும் பார்த்துவிட்டு உறைக்குள் போடாதீர்கள். சிலருக்குக் கூடவே ஒரு இணைப்புத் தாள் வரும். எந்த வேலை, எந்த நிறுவனம், என்னென்ன நிபந்தனை என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். நிறுவனத்தின் பெயர் தவறாக இருந்தால் அன்றைக்கே சொல்லித் திருத்திக்கொள்ளுங்கள். அடுத்த நீட்டிப்புக்கு, அட்டை முடிவதற்கு மூன்று மாதம் முன்னால் ஒரு தேதியைக் கைப்பேசி நாட்காட்டியில் குறித்துவையுங்கள்.