உளியைத் தின்னும் ஈரம்

2016 மே 17இல் அரநாயக்கவில் மலை சரிந்தபோது பல குடும்பங்கள் கையில் அகப்பட்டதோடு வெளியேறின. இப்படி இடம்பெயர்ந்த நாம் மறுபடி கதவு நிலை பொருத்த உளியும் வாளும் வேண்டும். ஆண்டுக்கு 3,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்யும் இரத்தினபுரிப் பக்கத்தில் கருவியைக் கெடுப்பது வேலையல்ல, ஈரந்தான்.

சேற்றில் கிடந்த உளியை நல்ல தண்ணீரில் கழுவி, உடனே துடைத்து நிழலில் உலர்த்துவோம். மேலோட்டமான துரு தேங்காய் எண்ணெயும் செங்கல் தூளும் வைத்துத் தேய்த்தால் போகும்.

தீட்டும்போது வாய்ச்சாய்வின் நீளம் தகட்டுத் தடிப்பின் இருமடங்காக இருக்கட்டும். அது ஏறக்குறைய 30 பாகை. கல்லில் தண்ணீர் விட்டு, சாய்வு முழுவதும் படியத் தேய்க்க வேண்டும். மறுபுறம் பிசிறு தட்டுப்பட்டதும் அப்புறத்தைத் தட்டையாக வைத்து எடுத்துவிடலாம். சாணைச் சக்கரத்தில் முனை நீலம் பாய்ந்தால் அந்த இடத்தின் பதம் போயிற்று.

பிறகு எண்ணெய்த் துணியில் சுற்றி, லயச் சுவரில் படாமல் பலகையில் வைப்போம். ஈரச்சாக்கில் சுற்றுவது துருவுக்கு விருந்து வைப்பதுதான்! ஆடும் பிடியைத் தண்ணீரில் ஊறப்போடவும் வேண்டாம். காய்ந்ததும் இன்னும் தளரும். ஆப்பு அடிப்பதே சரி.