அடியில் தங்கும் மிச்சம்

பிள்ளைக்கு நீர்க்கடுப்பும் காய்ச்சலும் வருகிறது, ஆன்டிபயாடிக் கொடுத்ததும் தெளிகிறது, இரண்டு மாதத்தில் மறுபடியும் அதே கதை. இப்படித் தொடர்ந்தால் கிருமியை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. பெரும்பாலும் காரணமாகிற ஈ.கோலை நம் குடலிலேயே குடியிருப்பதுதான். அது மேலேறி வந்தாலும், சிறுநீர்ப்பை காலியாகும் ஒவ்வொரு முறையும் அடித்துத் தள்ளப்படுகிறது. பை முழுதாகக் காலியாகாவிட்டால் அந்தக் காவல் போயிற்று. பாத்திரத்தில் ஒட்டிய பழைய மாவு புது மாவையும் சீக்கிரம் புளிக்க வைப்பதுபோல, தங்கிய சிறுநீரில் கிருமி பெருகுகிறது.

இதற்கு வலுவான சாட்சி 1972-இல் கிடைத்தது. நரம்புக் கோளாறால் சிறுநீர் பிரியாதவர்கள், சுத்தமாகக் கழுவிய கதீட்டரைச் சில மணி நேரத்துக்கு ஒருமுறை தாங்களே செருகிப் பையைக் காலி செய்துகொள்ளலாம் என்றார் அமெரிக்க மருத்துவர் ஜாக் லேபிடஸ். கிருமி நீக்காத குழாயா என்று எதிர்ப்பு எழாமலில்லை. குழாயோடு கொஞ்சம் கிருமி உள்ளே போகத்தான் செய்தது. ஆனாலும் தொற்று குறைந்தது, சிறுநீரகம் பிழைத்தது. நுழையும் கிருமியைவிடத் தங்கும் நீர்தான் பெரிய எதிரி என்பது இதில் தெளிவாயிற்று.

நரம்பு நன்றாயிருக்கும் பிள்ளைகளுக்கு மிச்சம் தங்குவது பெரும்பாலும் பழக்கத்தால். விளையாட்டின் நடுவே ஒரு சிறுமி சட்டெனக் குந்திக் குதிகாலை அடியில் அழுத்திக்கொள்வாள். அது சேட்டையல்ல, முட்டிவரும் நீரை அடக்கும் உபாயம். அடக்கி அடக்கிப் பழகிய தசை, போகும்போதும் தளர மறுக்கிறது. நீர் விட்டுவிட்டு வருகிறது. மலச்சிக்கல் இருந்தால் இறுகிய மலமும் பையை நெருக்கும். நிறையத் தண்ணீர் குடித்தால் போதாதா என்பார்கள். குடிக்கத்தான் வேண்டும், ஆனால் குடித்ததை அடக்கி வைத்தால் பயன் பாதிதான். வந்த தொற்றுக்கு மருந்தும், பிறவிக் கோளாறு உண்டா என்று பார்க்க ஸ்கேனும் அவசியமே. அவற்றோடு மலச்சிக்கலைத் தீர்ப்பது, இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை போகச் சொல்வது, வெஸ்டர்ன் டாய்லெட்டில் தொங்கும் காலுக்கு முக்காலி வைப்பது, எழுந்து ஒரு நிமிடம் கழித்து மீண்டும் முயலச் செய்வது ஆகியவையும் வைத்தியம்தான். பீரியட் முடியட்டும் என்று உட்கார வைக்கும் ஆசிரியரும், தாழ்ப்பாளில்லாத கழிப்பறைக்குப் பயந்து காலையிலிருந்து தண்ணீரே குடிக்காத மாணவியும் இருக்கும்வரை இந்த வைத்தியத்தை வீடு மட்டும் செய்து முடிக்க முடியாது.