கோதுமைத் துருவுக்கு நீலகிரியில் வீடு

மத்திய இந்தியாவின் கோதுமை வயலில் தண்டுத் துரு கண்டால் நீலகிரியைப் போய்ப் பார் என்று யாராவது சொன்னால் சிரிப்புதான் வரும். ஆக்ராவில் பணியாற்றிய பூசணவியல் அறிஞர் கே. சி. மேத்தா கிட்டத்தட்ட அதைத்தான் சொன்னார். செங்காவித் தூளாகத் தண்டில் வெடிக்கும் இந்தப் பூசணம் உயிருள்ள செடியில்தான் பிழைக்கும். அறுவடைக்குப் பின் சமவெளியில் அடிக்கும் மே, ஜூன் வெயிலில் அதன் வித்துத்தூள் செத்துவிடும். பிறகு அடுத்த பருவத்துக்கு நோய் எங்கிருந்து வருகிறது? ஐரோப்பாவில் விடை தயாராக இருந்தது. பூசணம் தன் வாழ்வின் ஒரு பகுதியைப் பார்பெரி என்ற முட்செடியில் கழிப்பதை 1865இல் ஆன்டன் டி பாரி காட்டியிருந்தார்; அமெரிக்கா 1918 முதல் அச்செடியைத் தேடித்தேடி அழித்தது. நம் மலைகளிலும் பார்பெரி வகைகள் உண்டு. ஆகவே இங்கும் அதைப் பிடுங்கினால் போதும் என்று தோன்றுவது இயல்பு. மேத்தா அந்த இரவல் விடையை ஏற்கவில்லை. ஆண்டுதோறும் நோய் திரும்புவதில் பார்பெரிக்கு இங்கே பங்கில்லை. குளிர்ந்த மலைகளில் கோடையிலும் நிற்கும் கோதுமையிலும், தானாக முளைத்த பயிரிலுமே துரு உயிரோடு இருக்கிறது என்று கண்டார். வடக்கே இமயம், தெற்கே நீலகிரியும் பழனி மலையும் என அவர் வரைந்த படம் 1940இல் நூலாக வந்தது.

மலையில் விளைவதே கொஞ்சம் கோதுமை, அது எப்படி ஒரு நாட்டுப் பரப்பை நோயாக்கும் என்று கேட்கலாம். அளவைப் பார்த்து எடைபோடும் பழக்கம் பூசணத்திடம் செல்லாது. ஒரே கொப்புளம் ஆயிரக்கணக்கில் வித்துகளை உதிர்க்கும். ஈரமும் இதமான சூடும் கிடைத்தால் இரண்டு வாரத்துக்குள் அடுத்த தலைமுறை கிளம்பிவிடும். இதைவிட வலுவான ஆட்சேபம் ஒன்று உண்டு: காற்றில் வித்து இருக்கிறது என்பதால் அது நீலகிரியிலிருந்துதான் வந்தது என்று ஆகிவிடுமா? ஆகாது. மேத்தாவின் காலத்தில் அந்தக் கண்ணி பலவீனமாகவே இருந்தது. பின்னாளில் எஸ். நாகராஜனும் எல். எம். ஜோஷியும் வானிலைப் படங்களை வைத்து அதை இறுக்கினார்கள். நவம்பர் வாக்கில் வங்கக் கடலில் எழும் புயல்கள் தென்மலை வித்துகளை வடக்கே தூக்கிச் செல்கின்றன, மழை அவற்றை மத்திய இந்தியாவின் இளம்பயிர்மேல் இறக்குகிறது என்று காட்டினார்கள்.

எதிர்ப்புத்திறன் கொண்ட ரகங்கள் வந்தபின் இந்த வழித்தடம் பழங்கதைதானே என்பவர்களும் உண்டு. ரகம் நிலையான காவல் அல்ல. 1990களின் இறுதியில் உகாண்டாவில் தென்பட்ட யுஜி99 என்ற தண்டுத் துரு, உலகெங்கும் நம்பப்பட்ட ஓர் எதிர்ப்பு மரபணுவைத் தாண்டிவிட்டது. புது ரகம் தாங்குமா என்று அறியத் துரு ஓயாமல் வாழும் இடம் வேண்டும். நீலகிரியின் வெலிங்டனில் இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் கோதுமை நிலையம் இருப்பது அதனால்தான்.