காருக்கும் தனி லைன் வேண்டும்

'மின்சார கார் வாங்கியிருக்கிறோம். மாட்டுக்கொட்டகை சாக்கெட்டிலிருந்து ஜங்ஷன் பாக்ஸ் இழுத்து சார்ஜ் போடலாமா?' என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். கூடாது என்பதுதான் பதில்.

வீட்டு சாக்கெட்டில் மாட்டும் கார் சார்ஜர் சுமார் 15 ஆம்பியர் இழுக்கும். அதாவது ஏறத்தாழ 3.3 கிலோவாட். நம் 5 ஹெச்.பி. கிணற்று மோட்டார் 3.7 கிலோவாட். மோட்டாராவது மூன்று ஃபேஸில் பங்கிட்டு எடுக்கும். கார் ஒரே ஃபேஸில், இரவு முழுக்க எடுக்கும். கிணற்று மோட்டாரை ஜங்ஷன் பாக்ஸில் மாட்டி ஓட்டுவோமா?

கடந்த கோடையில் வயல் பார்க்கப் போன ஒரு வீட்டில், சுருட்டிய நிலையிலேயே ஜங்ஷன் பாக்ஸ் ஒயர் உருகி ஒட்டிக் கிடந்தது. இரண்டடி தள்ளி வைக்கோல் போர். கருகல் வாடை அறிந்து வீட்டம்மா மெயினை அணைத்ததால் தப்பித்தார்கள். ஒயரில் மின்னோட்டம் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்காகும். சுருட்டி வைத்தால் அந்தச் சூடு வெளியேற வழியில்லை.

செய்ய வேண்டியவை:

1. மெயின் போர்டிலிருந்து காருக்கென்று தனி லைன் இழுங்கள். 4 சதுர மி.மீ. செம்பு ஒயரும் தரமான 16 ஆம்பியர் சாக்கெட்டும் வேண்டும்.

2. எம்.சி.பி.யோடு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் பொருத்துங்கள். எம்.சி.பி. ஒயரைக் காக்கும், ஆளைக் காப்பது ஆர்.சி.சி.பி.தான். அதன் 'டெஸ்ட்' பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள்.

3. எர்த் சரியாக உள்ளதா என்று எலெக்ட்ரீஷியனை வைத்து அளந்து பாருங்கள். கோடையில் எர்த் குழி காயாமல் தண்ணீர் ஊற்றுங்கள்.

4. முதலில் சுவரில் மாட்டி, பிறகு காரில் மாட்டுங்கள். கழற்றும்போது முதலில் காரில், பிறகு சுவரில். ஈரக்கை ஆகாது.

5. அரை மணி நேரம் கழித்து, சுவிட்சை அணைத்துவிட்டு ப்ளக்கைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் சாக்கெட்டை மாற்றும்வரை சார்ஜ் போடாதீர்கள்.

6. வேலை முடிந்ததும் கேபிளை ஆணியில் மாட்டுங்கள். தரையில் கிடந்தால் எலி கடிக்கும், டிராக்டர் ஏறும். தோல் உரிந்த கேபிளுக்கு டேப் சுற்றி ஓட்டாதீர்கள், புதிது வாங்குங்கள்.

இன்னொன்று: பம்ப்செட்டுக்கான இலவச மின்சாரத்தில் கார் சார்ஜ் செய்வது விதிமீறல். வீட்டு இணைப்பிலிருந்தே எடுங்கள். கூடுதல் லோடு தேவையா என்று மின்வாரிய அலுவலகத்தில் கேளுங்கள்.

தனி லைன் தயாராகும்வரை பக்கத்து ஊர் சார்ஜிங் நிலையத்துக்குப் போய் வாருங்கள். நான்கு நாள் அலைச்சல்தான். கொட்டகையில் தீப்பிடித்தால் கட்டிக் கிடக்கும் மாட்டால் ஓட முடியாது.