உடலுக்குள் ஓர் இருப்புப்பாதை

விடியற்காலையில் எழுந்ததும் தொண்டையைக் கனைத்துச் சளியை வெளியேற்றுவது நம்மில் பலருக்கு வழக்கம். அச்சளி அங்கே எவ்வாறு வந்து சேர்ந்தது என்று எண்ணிப் பார்த்ததுண்டா? இரவு முழுவதும் நாம் உறங்கினோம். மூச்சுக்குழலின் உட்சுவரில் இருக்கும் வேலையாட்கள் உறங்கவில்லை. நாம் உள்ளிழுக்கும் காற்றோடு வந்த தூசியையும் கிருமிகளையும் சளியில் ஒட்டவைத்து, அச்சளியைக் கீழிருந்து மேலாகத் தள்ளிக்கொண்டே வந்தவை அவைதாம். அவற்றுக்குச் சிலியா என்று பெயர். பாடநூல்கள் குற்றிழை என்கின்றன. இலத்தீன் மொழியில் சிலியும் என்றால் கண்ணிமை. பின்னர் இமைமயிரையும் அச்சொல் குறிக்கலாயிற்று.

மூச்சுக்குழலின் ஓர் உயிரணுவில் ஏறத்தாழ 200 குற்றிழைகள் உண்டு. ஒவ்வொன்றின் நீளமும் ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறாக்கினால் அவற்றில் ஏழு கூறு. பருமனோ ஒரு கூறில் கால்பங்கு. காற்றில் சாயும் நெற்பயிர் போல, நொடிக்குப் பத்து முறையும் அதற்கு மேலும் இவை அசைகின்றன. குறுக்கே வெட்டி மின்னணு நுண்ணோக்கியில் நோக்கினால், வட்டமாக ஒன்பது இரட்டைக் குழல்களும் நடுவில் இரண்டு தனிக் குழல்களும் தெரியும். குளத்து நீரில் வாழும் கிளாமிடோமோனாஸ் என்னும் ஒற்றை உயிரணுப் பாசியின் நீந்தும் இழையிலும் இதே அமைப்புத்தான். பாசிக்கும் மனிதனுக்கும் ஒரே வரைபடம்!

இவ்விழை எப்படிக் கட்டப்படுகிறது என்பதில்தான் ஒரு புதிர் இருந்தது. புரதங்களை உண்டாக்கும் பட்டறை உயிரணுவின் உடலில் இருக்கிறது, இழைக்குள் இல்லை. இழையோ அடியில் வளர்வதில்லை, நுனியில் வளர்கிறது. கோபுரத்தின் உச்சியில் கொத்தன் நிற்கிறான். செங்கல் முழுவதும் தரையில் கிடக்கிறது. ஏற்றிக் கொடுப்பவர் யார்? கட்டி முடித்த பின்னும் வேலை ஓய்வதில்லை. நுனியில் கற்கள் கழன்றுகொண்டே இருப்பதால், ஓயாமல் புதிய கற்கள் ஏற வேண்டும்.

1993ஆம் ஆண்டில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில், ஜோயல் ரோசன்பாமின் ஆய்வுக்கூடத்தில், கீத் கோஸ்மின்ஸ்கி என்ற ஆய்வாளர் அப்பாசியின் இழையை நுண்ணோக்கியில் படம் பிடித்தார். இழை அசையாமல் நின்றபோதும் அதனுள் சிறு மணிகள் வரிசையாக மேலேறின. வேறு சில விரைந்து கீழிறங்கின. சரக்கு வண்டிப் போக்குவரத்தே அங்கு நடந்துகொண்டிருந்தது. மேலே இழுத்துச் செல்லும் எஞ்சின் கைனசின்-2 என்னும் புரதம். கீழே கொணர்வது டைனீன்-2.

அன்று கண்டவை வெறும் புள்ளிகள். அவ்வண்டியின் உருவம் தெளிவுபட மேலும் முப்பது ஆண்டுகள் ஆயின. நொடியில் உறையவைத்த மாதிரிகளை மின்னணுக் கற்றையால் படமெடுக்கும் முறை இதற்குத் துணை நின்றது; அம்முறையை வளர்த்த மூவருக்கு 2017இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. வண்டியில் 22 வகைப் புரதங்கள் இரு தொகுதிகளாக உள்ளன: ஏ தொகுதியில் 6, பி தொகுதியில் 16. பி தொகுதி தண்டவாளத்தை ஒட்டியும், ஏ தொகுதி வெளிச்சவ்வை ஒட்டியும் அமைகின்றன. சில புரதங்கள் மின்விசிறி இறக்கைகள் போல வட்டமாக மடிந்தவை. சில, இரண்டு புரி கயிறு போல ஒன்றையொன்று பின்னி நீண்டவை. பின்னிய அக்கயிறுகளில் ஒரு சோடியின் முனைதான் டியூபுலின் என்னும் செங்கல்லைப் பற்றுகிறது. அச்செங்கல்லின் வாலில் எதிர் மின்னேற்றம். பற்றும் முனையில் நேர் மின்னேற்றம்.

எதிரும் புதிருமாக ஓடும் வண்டிகள் ஏன் மோதிக்கொள்வதில்லை? 2016இல் ஜெர்மனியின் டிரெஸ்டனில் கயா பிஜினோவின் குழு விடை கண்டது. இரட்டைக் குழலில் ஒன்று மேலேறுவதற்கு, மற்றது கீழிறங்குவதற்கு. இருப்புப்பாதைத் துறையினர் அறிந்த இரட்டைத் தடமேதான்! இன்னொரு வியப்பு 2018இல் வெளிப்பட்டது. இறங்குவதற்கான எஞ்சின், மேலேறும் வண்டியிலேயே கைகால் மடக்கிய நிலையில் சரக்காக ஏற்றப்படுகிறது. நுனியை அடைந்த பின்னரே அது விழிக்கிறது. மடங்காமல் ஏறியிருந்தால் இரு எஞ்சின்களும் எதிரெதிரே இழுத்து வண்டி நின்றே போயிருக்கும்.

புரதங்களின் வடிவத்தைப் பற்றிப் பேசும்போது சென்னையை மறக்கலாகாது. புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் மடங்க இயலும் என்று காட்டும் வரைபடத்தை 1963இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கோ. நா. இராமச்சந்திரன் தம் துணைவர்களோடு வெளியிட்டார். உலகில் எங்கே ஒரு புரதத்தின் வடிவம் கணிக்கப்பட்டாலும் அந்த வரைபடத்தில் வைத்துச் சரிபார்ப்பது இன்றும் வழக்கம். நம் பிள்ளைகளில் எத்தனை பேர் இதை அறிவர்?

இழை பழுதானால் என்ன நேரும்? ஸ்வீடன் நாட்டு அறிஞர் அஃப்சீலியஸ், இழைகள் அசையாமையால் வரும் நோயை 1976இல் விளக்கினார். பிறந்தது முதல் ஓயாத இருமல், மூக்கொழுகல், காதில் சீழ். இந்நோயாளரில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு இதயம் வலப்பக்கம். கருவில் இடம் வலம் பிரிவதும் குற்றிழைகளின் சுழற்சியால்தான். 2000ஆம் ஆண்டிலோ, பாசியின் சரக்கு வண்டிப் புரதம் ஒன்று எலியில் பழுதானால் சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள் பெருகும் என்று தெரியவந்தது. சிறுநீரக உயிரணுவுக்கும் அசையாத குற்றிழை ஒன்று உண்டு. அது சுற்றுப்புறச் செய்தியை உணரும் கருவி. வண்டிப் புரதங்கள் வேறு சில பழுதாகும்போது, விலாவெலும்புகள் குறுகி, மூச்சுவிட இடமின்றிக் குழந்தை பிறப்பதும் உண்டு.

இருமல் தீராக் குழந்தையின் தாயைப் பார்த்து, “நீ குளிர்ந்ததைத் தின்றாய்” என்று வீட்டார் பழி கூறக் கேட்கிறோம். இந்நோய்களில் பெரும்பாலானவற்றில் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தாலன்றி நோய் தோன்றாது. இருவரும் நலமாகவே இருப்பர். நெருங்கிய உறவில் மணம் முடிப்போரிடையே இது நேரும் வாய்ப்பு மிகுதி. ஆணின் விந்தணு வாலும் இதே ஒன்பது இரட்டைக் குழல் அமைப்பு உடையது. ஆகவே இழை அசையாமை நோயுள்ள ஆண்கள் பலருக்கு மகப்பேறு இயற்கையாய் அமைவதில்லை. குழந்தையில்லாத வீட்டில் மருமகளை மட்டும் மருத்துவமனைக்கு அனுப்புவது அநீதி.

பிறந்த நாள் முதல் இருமலும் மூக்கொழுகலும் நீங்காத குழந்தையைக் காலம் தாழ்த்தாது நுரையீரல் மருத்துவரிடம் காட்டுங்கள். மூக்கின் உட்புறத்தில் மெல்லத் துடைத்தெடுத்த உயிரணுக்களை நுண்ணோக்கியில் ஆராய்ந்தும் மரபணுவைச் சோதித்தும் நோயை அறிய இன்று வழியுண்டு. இழையின் பழுதை முற்றிலும் நீக்கும் மருந்து இன்னும் வரவில்லை. ஆயினும் நாள்தோறும் மார்புப் பயிற்சியால் சளியை வெளியேற்றி, தொற்றுக்கு உடனுக்குடன் மருந்து கொடுத்துவந்தால் நுரையீரல் கெடுவதைப் பெருமளவு தடுக்கலாம்.