கம்பளியும் தகர டிக்கட்டும்: டிக்கோயாவில் மூதாதையர் வேடம் போட்ட கதை

டிக்கோயாவில் எங்கள் தோட்டத்துப் பிரட்டுக்களத்தில் முதல் ஒத்திகை நடந்த அன்று பிள்ளைகள் பதினாறு பேரும் ஆசையாக வேடம் போட்டுக்கொண்டு வந்து நின்றார்கள். முதுகில் கொழுந்துக் கூடை. இடுப்பில் படங்கு. கழுத்தில் பால்மா டின் மூடியில் வெட்டிய தகர டிக்கட். 1820களில் எங்கள் ஆட்கள் மன்னாரில் இருந்து மாத்தளைக்கு நடந்து வந்ததுதான் காட்சி. பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர் மெதுவாகக் கேட்டார்: "எந்தக் கொழுந்தைப் பறிக்கப் போறாங்க டீச்சர்? அப்போ இந்த நாட்டுல தேயிலையே இல்லையே."

அவர் சொன்னது சரி. இருநூறு வருடக் கணக்குத் தொடங்குகிற 1823 இல் எங்கள் ஆட்களைக் கொண்டுவந்தது கோப்பிக்காக. லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை போட்டது 1867 இல்தான். 1869 இல் கோப்பி இலையில் துரு நோய் விழுந்து, கோப்பி அழிந்து, அதன் பிறகே மலை முழுக்கத் தேயிலை ஆனது. தகர டிக்கட் இன்னும் பிந்தியது. தோட்டத்தின் எண்ணையும் ஆளின் எண்ணையும் பொறித்த அந்தத் தகட்டைக் கழுத்தில் கட்டி அனுப்பும் முறை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தது. ஆக, ஒரே பிள்ளையின் உடம்பில் மூன்று காலங்களைக் கட்டித் தொங்கவிட்டிருந்தோம். வரலாறு படிப்பிக்கிற டீச்சரான நானும் கூடையோடுதான் நின்றேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பழைய காலத்து உடையை உடுத்து, அந்தக் காலத்துச் சாமான்களைக் கையில் எடுத்து, அந்த வேலையைச் செய்து காட்டுவதை மற்ற நாடுகளில் 'வாழும் வரலாறு' என்கிறார்கள். 1891 இல் ஆர்தர் ஹசேலியுஸ் என்பவர் ஸ்டொக்ஹோமில் ஸ்கான்சென் திறந்தவெளி அருங்காட்சியகத்தைத் தொடங்கினார். சுவீடனின் பல மாவட்டங்களில் இருந்து பழைய வீடுகளைப் பெயர்த்துக் கொண்டுவந்து நட்டு, அவற்றுக்குள் அந்தந்த ஊர் உடுப்போடு ஆட்களையும் உலவவிட்டார். அமெரிக்காவில் வில்லியம்ஸ்பேர்க் என்ற பழைய நகரமே இப்படி நடக்கிறது. நாடகத்துக்கு எழுதிய வசனம் இருக்கும். இதில் பெரும்பாலும் அது கிடையாது. பார்க்க வந்தவர் "இது என்ன?" என்று கேட்டால், வேடம் போட்டவர் தன் கையில் உள்ளதைக் காட்டிப் பதில் சொல்ல வேண்டும். தெரியாமல் வேடம் போட்டவர் அந்த இடத்தில் மாட்டிக்கொள்வார், நாங்கள் மாட்டிக்கொண்ட மாதிரி.

எங்களுக்கு இந்த யோசனை வெளிநாட்டில் இருந்து வரவில்லை. 2023 ஜூலை 28 இல் தலைமன்னாரில் தொடங்கி ஓகஸ்ட் 12 இல் மாத்தளையில் முடிந்த 'மாண்புமிகு மலையக மக்கள்' நடைபயணத்தில் கடைசி நாள் போய்ச் சேர்ந்துகொண்டேன். மன்னார், மடு, மதவாச்சி, மிஹிந்தலை, தம்புள்ளை என்று வந்தவர்களின் கால்களைப் பார்த்தேன். தார் வீதியில், செருப்போடு, வழியெல்லாம் தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும் தண்ணீர் கொடுத்த பயணத்திலேயே அந்தக் கால்கள் அப்படி வெடித்திருந்தன. காட்டுப்பாதையில், வெறுங்காலோடு, கொலராவும் காய்ச்சலும் கூடவே நடந்து வந்த பயணம் எப்படி இருந்திருக்கும்? 1840களில் மட்டும் இறந்தவர்கள் 70,000 பேர் வரை இருக்கும் என்று 1849 இல் கொழும்பு ஒப்சேவர் பத்திரிகை மதிப்பிட்டது. இந்த எண்ணைப் பல வருடமாகக் கரும்பலகையில் எழுதிப்போட்டிருக்கிறேன். பிள்ளைகள் கொப்பியில் எழுதிக்கொள்வார்கள். அதற்கு மேல் ஒன்றும் நடக்காது. திரும்பி வருகிற பஸ்ஸில் இதை உடம்பால் செய்து பார்த்தால் என்ன என்று தோன்றியது.

உடம்பால் செய்வது தோட்டத்துக்குப் புதிதும் அல்ல. மாசி மாதம் கம்பம் ஊன்றிப் பௌர்ணமி வரைக்கும் காமன் கூத்து ஆடுகிற சனம் நாங்கள். நேர்த்தி வைத்த ஆண்பிள்ளை ரதியாகச் சேலை கட்டுவான். கொழுந்து நிறுக்கிறவர் அன்றிரவு எமனாக வருவார். வேடம் கட்டினால் விரதம் இருக்க வேண்டும், வேடத்தோடு விளையாடக் கூடாது என்பதெல்லாம் எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரத் தேவையில்லாத பாடம். காமன் கூத்தில் தப்பு அடிக்கிறவரிடம் போய், காலையில் பிரட்டுக்கு ஆள் கூப்பிட அந்தக் காலத்தில் எப்படித் தப்பு அடித்தார்கள் என்று கேட்டோம். அவருடைய தாத்தா அடித்துக் காட்டிய தாளம் அவருக்கு ஞாபகம் இருந்தது. எங்கள் நிகழ்ச்சியில் முழுசாக உண்மையானது அந்தத் தாளம் ஒன்றுதான் என்று சில வேளை நினைப்பேன்.

கூடை விவகாரத்துக்குப் பிறகு உட்கார்ந்து யோசித்தோம். 1820களைக் காட்டுவது என்றால் பெரும்பாலும் ஆண்கள்தான் வர வேண்டும். கோப்பிப் பழம் பறிக்கும் பருவத்துக்கு வந்து, கையில் காசு மிஞ்சினால் ஊர் திரும்பிய காலம் அது. வருடம் முழுக்கக் கொழுந்து எடுக்க வேண்டிய தேயிலை வந்த பிறகே குடும்பம் குடும்பமாக இங்கேயே தங்குவது வழக்கமானது. எங்கள் பதினாறு பேரில் பதினொரு பேர் பெண்பிள்ளைகள். அதனால் காலத்தை மாற்றி 1870களுக்கு வந்தோம். அதற்கு இன்னொரு நியாயமும் இருந்தது. டிக்கோயாப் பக்கத்துக் காடுகள் பெருமளவில் வெட்டப்பட்டுக் கோப்பி போடப்பட்டது அந்தக் காலத்தில்தான். நம் ஊருக்கு வந்த முதல் ஆட்களைத்தானே நாம் காட்ட வேண்டும்? 1884 இல் ரயில் ஹட்டனுக்கு வரும் முன்பு வந்தவர்களுக்கு மாத்தளையோடு நடை முடியவில்லை. கண்டி, கம்பளை, நாவலப்பிட்டி தாண்டி மலையேற வேண்டும்.

இனி உடுப்பு. சிவப்பும் மஞ்சளுமாகப் பளபளக்கும் சேலையோடு கூடை சுமந்து சிரிக்கிற பெண்ணைச் சுற்றுலா விளம்பரங்களில் பார்த்திருப்பீர்கள். பிள்ளைகளின் மனதிலும் அந்தப் படம்தான் இருந்தது. அதை அழிப்பதற்கே ஒரு மாதம் போனது. சலவை செய்யாத முரட்டுப் பருத்தித் துணியை ஹட்டனில் வாங்கி, புதுசு போலத் தெரியாமல் இருக்கச் சாயத்தண்ணியில் ஊறப்போட்டோம். கோப்பிக்காலத்து ஆட்களுக்குத் தேயிலையில் சாயம்! அதிபர் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார். ஆண்களுக்கு முழங்கால் அளவு வேட்டியும் தலைத்துண்டும். செருப்பு இல்லை. டிக்கோயாக் குளிரில், கல் பரப்பிய களத்தில் செருப்பில்லாமல் அரைமணி நேரம் நின்றதிலேயே பாதிப் பாடம் முடிந்துவிட்டது.

கிடைக்காத சாமான் கம்பளி. மழைக்கும் குளிருக்கும் தலையில் இருந்து போர்த்திக்கொள்ளும் கறுப்புக் கம்பளி. தோட்டம் கொடுத்ததுதான், ஆனால் இனாமாக இல்லை. சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள். லயங்கள் எல்லாம் தேடியதில் ஒரு பாட்டியிடம் ஒரு சாண் துண்டு இருந்தது. தன் பிள்ளைகள் எல்லாரையும் பிறந்தவுடன் அதில்தான் கிடத்தினாராம். தொட்டுப் பார்க்கக் கொடுத்தார், வெளியே எடுத்துப்போக விடவில்லை. அப்படிப்பட்ட சாமான்களைப் பார்க்க வேண்டுமானால் புசல்லாவைப் பக்கம் ஓல்ட் பீகொக் தோட்டத்தில், ஒரு பழைய லயத்திலேயே 2007 இல் திறந்த தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம் இருக்கிறது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒருதரம் போய் வாருங்கள்.

உடுப்பை விடக் கஷ்டமானது யார் யாராக வருவது என்பது. துரை வேடத்துக்கு அடிபிடி. தொப்பியும் சப்பாத்தும் கிடைக்கும் என்பதால். கங்காணிக்கு ஒருவரும் இல்லை. கடைசியில் ஒரு பையன் முன்வந்தான், அவனுடைய பூட்டன் பெரிய கங்காணியாக இருந்தவர். கங்காணியைப் பற்றி எழுதிக்கொடுக்க நான் உட்கார்ந்தபோது அது லேசான காரியமாக இருக்கவில்லை. முற்பணம் கொடுத்துக் கிராமத்தில் இருந்து ஆள் கூட்டி வந்தவர் அவர். அந்தக் கடனை 'துண்டு' என்ற சீட்டில் எழுதி, கடன் தீரும் வரை ஆள் தோட்டத்தை விட்டு நகர முடியாமல் வைத்த முறையில் நடுவில் நின்றவரும் அவர். துண்டு முறை 1921 இல்தான் சட்டப்படி ஒழிந்தது. அதே கங்காணி அதே கிராமத்து ஆள், சொந்தக்காரர், வழியில் அரிசி பங்கிட்டுக் கொடுத்தவர். பையன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப நான் நல்லவனா கெட்டவனா டீச்சர்?" என்றான். பார்க்க வருகிறவர்களும் அதைத்தான் கேட்பார்கள், நீயே பதில் யோசித்து வை என்றேன். அவன் யோசித்தது கூட்டத்தின் முன்னால் வரவேயில்லை. அடுத்த ஒத்திகையில் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொருவரிடமும் போய்ப் பெயரைக் கேட்டுக் கேட்டு எழுதினான். அவ்வளவுதான் செய்தான்.

மூன்றாவது ஒத்திகைக்குக் கிளிநொச்சியில் இருந்து என் பெரியம்மா மகள் வந்திருந்தார். 1977 கலவரத்துக்குப் பிறகு தோட்டத்தை விட்டு வன்னிக்குப் போன குடும்பம். அக்காவுக்கு அப்போது எட்டு வயது. 2009 இல் முள்ளிவாய்க்கால் வரை நடந்து, செட்டிக்குளம் முகாமில் இருந்து வெளியே வந்தவர். இளைய மகன் வரவில்லை. அதைப் பற்றி நாங்கள் அவரிடம் கேட்பதில்லை.

பிள்ளைகள் மூட்டைகளைத் தலையில் வைத்துக்கொண்டு வரிசையாக நடந்தார்கள். ஒரு பெண்பிள்ளை வழியில் விழுந்து சாக வேண்டும், மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து ஒப்பாரி வைக்க வேண்டும். நன்றாகத்தான் செய்தார்கள், பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் சிலர் அழுதார்கள். அக்கா எழுந்து பீலிக்கரைப் பக்கம் போய்விட்டார். பிழை செய்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு பின்னால் போனேன். முகம் கழுவிவிட்டுத் திரும்பி வந்தவர் பிள்ளைகளைப் பார்த்துச் சொன்னார்: "இப்பிடி மூட்டை தூக்கினா ஒரு நாளும் நடக்க மாட்டீங்க."

பிறகு ஒரு மணி நேரம் அவர்தான் வாத்தியார். தலையில் வைப்பது முதல் நாள் மட்டும்தான். இரண்டாம் நாள் முதுகுக்கு வரும், மூன்றாம் நாள் பாதி வழியில் கிடக்கும். முதலில் போடுவது பெரிய பாத்திரம், பிறகு உடுப்பு, பிறகு அரிசியில் கொஞ்சம். தண்ணீர்ப் பாத்திரத்தை விடக் கூடாது. சின்னப் பிள்ளையைச் சேலைத் தலைப்பால் இடுப்போடு கட்ட வேண்டும், கையைப் பிடித்துக்கொண்டு நடந்தால் நெரிசலில் கை விட்டுப்போகும். "செத்தா சுத்தி உக்காந்து அழ நேரம் இருக்காது. துணியால மூடிட்டு நடப்பாங்க. அழுகை பிறகுதான் வரும், எங்கயாவது போய் நின்ன பிறகு."

ஒப்பாரியை எடுத்துவிட்டோம். விழுந்த பிள்ளையின் மேல் துணியைப் போட்டுவிட்டு வரிசை நகர்ந்தது, தப்பும் நின்றது. அந்தக் காட்சியை மாற்ற நான் புத்தகம் ஒன்றும் புரட்டவில்லை.

கடைசி வரை விடக் கூடாதது எது என்று ஒரு பையன் கேட்டான். அக்கா பொலித்தீன் பையில் சுற்றிய ஒரு கடதாசியைக் கைப்பையில் இருந்து எடுத்தார். அவருடைய அப்பாவின் பிரஜாவுரிமைப் பத்திரம். 1948 ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டம் எங்களை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 பேரைத் தலை எண்ணி, 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 150,000 பேர் பிறகு பார்க்கலாம் என்று பிரித்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு லயத்திலும் மிகப் பெறுமதியான பொருள் இந்தக் கடதாசிதான். அக்கா வீட்டில் நகையைப் புதைத்துவிட்டுப் போனார்கள், இதைப் புதைக்கவில்லை.

பிள்ளைகளுக்குத் தெரியாத இன்னொன்றையும் அன்று சொன்னேன். வரைபடத்தை எடுத்துப் பாருங்கள், எங்கள் ஆட்கள் மலையேறிய வடக்குப் பாதை ஒருமுறை மட்டும் பயன்பட்ட பாதை அல்ல. 1914 இல் தலைமன்னாருக்குக் கப்பலும் ரயிலும் இணைந்த பிறகு அதே திசையில் ரயிலில் வந்தார்கள். ஒப்பந்தத்துக்குப் பிறகு அதே ரயிலில் திருப்பி அனுப்பப்பட்டார்கள். மலைநாட்டு நிலையங்களில் கட்டிப்பிடித்து அழுத அழுகையில் அதற்கு 'ஒப்பாரிக் கோச்சி' என்றே பெயர் வந்தது. 1958, 1977, 1983 கலவரங்களில் அடிபட்டவர்கள் வடக்கே வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போனார்கள். மன்னார் வீதியில் பறையனாலங்குளத்தில் வவுனியாப் பக்கம் திரும்பினால் செட்டிக்குளம், மெனிக் பாம். பூட்டன் நடந்து வந்த பாதைக்குப் பக்கத்திலேயே பேத்தி முட்கம்பிக்குள் இருந்திருக்கிறாள்.

வேதனையை வேடமாக்கலாமா என்று ஒரு பெற்றோர் கேட்டார். நியாயமான கேள்வி. 1994 இல் வில்லியம்ஸ்பேர்க்கில் அடிமைகள் ஏலத்தை நடித்துக் காட்டப்போவதாக அறிவித்தபோது கறுப்பின அமைப்புகள் எதிர்த்து வந்து நின்றன. எங்கள் துயரத்தை வேடிக்கையாக்காதே என்றன. நடித்தவர்களில் கறுப்பின ஊழியர்கள் இருந்தார்கள், எங்கள் முன்னோர் கதையை நாங்களே மறைக்க முடியாது என்றார்கள். இரண்டு பக்கமும் எனக்கு விளங்குகிறது. எங்களுக்கென்று சில ஏற்பாடுகள் செய்துகொண்டோம். அடிக்கிற காட்சி இல்லை. ஹோட்டல்காரர்கள் கூப்பிட்டால் போவதில்லை. ஒருவர் கூப்பிட்டார், நல்ல காசும் சொன்னார், பளபளக்கும் சேலையோடு வரச் சொன்னார். நிகழ்ச்சிக்கு முன்பே என்ன வரும் என்று சொல்லிவிடுவோம், எழுந்து போக வேண்டியவர் போகலாம், ஒருவரும் பின்னால் பார்க்க மாட்டோம்.

டிக்கோயாவில் 1878 இல் கட்டிய வோர்லி தேவாலயத்தின் முற்றத்தில் இளவயதில் செத்த வெள்ளைத் துரைமாரின் கல்லறைகள் பெயரும் வயதுமாக இருக்கின்றன. பிள்ளைகளைக் கூட்டிப்போனேன். அவர்களும் பாவம்தான், ஊர் விட்டு வந்து காய்ச்சலில் செத்த பொடியன்மார். கங்காணி வேடக்காரப் பையன் ஒவ்வொரு கல்லாக வாசித்துவிட்டு, எங்கள் ஆட்களின் கல் எங்கே என்று கேட்டான். தேயிலைக்குக் கீழே என்றேன்.

இந்த மாசிக் கூத்து முடிந்ததும் அடுத்த ஒத்திகை. சி.வி. வேலுப்பிள்ளை தொகுத்த நாட்டார் பாடல்களில் இருந்து இரண்டைப் பாட்டிமாரிடம் சரிபார்த்து எடுத்திருக்கிறோம். அக்கா வருவதாகச் சொல்லியிருக்கிறார், பஸ் காசை நாங்கள் சேர்த்துக் கொடுக்கிறோம். கம்பளிக்குப் பதிலாக எதைப் போர்த்துவது என்று இன்னும் முடிவாகவில்லை. சணல் சாக்கைக் கறுப்பாக்கிப் பார்த்தோம், மழையில் சாயம் இறங்கிப் பிள்ளைகளின் தோள் எல்லாம் கறுத்துவிட்டது.