வேலியில் காய்க்கும் 'செர்ரி'

கேக்குக்கும் பன்னுக்கும் பீடாவுக்கும் என்று சிவப்புச் செர்ரியை நம் கடைகளில் கேட்டு வாங்கிப் போகிறார்கள். நாமும் நிறுத்துக் கொடுக்கிறோம். அந்தப் பாக்கெட்டின் பின்பக்கம் என்ன அச்சிட்டிருக்கிறது என்று வணிக அன்பர்கள் ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டுகிறோம். 'கரோண்டா' என்று போட்டிருந்தால் அது வேறொன்றுமில்லை, நம்மூர் வேலியோரக் களாக்காய்தான். கொட்டையை எடுத்துவிட்டு, சர்க்கரைப் பாகில் ஊற வைத்து, சிவப்புக் கலர் ஏற்றினால் செர்ரி தயார். அசல் செர்ரி காஷ்மீர், இமாசலம் போன்ற குளிர்ப் பிரதேசத்துச் சரக்கு. விலையும் அதற்குத் தக்கபடி இருக்கும்.

களாக்காயை விற்பதில் தவறு ஏதுமில்லை. பெயரை மறைத்து விற்பதுதான் தவறு. பெரிய பெட்டியைப் பிரித்து, தம் கடைப் பெயரில் சிறு பாக்கெட் போடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி பாக்கெட்டில் சேர்மானங்களைக் குறிப்பிட்டாக வேண்டும். கலர் சேர்த்திருப்பதையும் மறைக்கக் கூடாது.

இனி செடிக்கு வருவோம். வீட்டுக் கொல்லையில் இதைவிடச் செலவில்லாத பழச்செடி கிடைப்பது அரிது. செம்மண், சரளை எதிலும் வரும். தண்ணீர் தேங்கும் இடம் மட்டும் ஆகாது. பழுத்த பழத்தின் விதையைக் கழுவி உடனே ஊன்றிவிட வேண்டும். நாள் கடத்தினால் முளைப்புத் திறன் போய்விடும். கன்றை மழைக்காலத் தொடக்கத்தில் நட்டு முதல் வருஷம் தண்ணீர் விட்டால் போதும், பிறகு வெயிலைத் தாங்கிக்கொள்ளும். மூன்றாம் வருஷ வாக்கில் காய்ப்புக்கு வரும். வேலியாக வேண்டுமானால் மூன்று நாலடிக்கு ஒரு கன்று வைக்கலாம். முள் பொல்லாதது என்பதால் குழந்தைகள் ஓடியாடும் வாசலோரம் வைக்க வேண்டாம். எங்கள் கிட்டங்கியின் பின்சுவரோரம் வைத்திருக்கிறோம். அந்தப் பக்கம் ஏறிக் குதிக்க யாருக்கும் துணிச்சல் வராது!

காயைப் பறித்தால் பால் வடிந்து பிசின் போல் ஒட்டும். கையில் எண்ணெய் தடவிக்கொண்டு பறிப்பது நல்லது. பச்சைக்காய் ஊறுகாய்க்கு மாங்காய்க்குச் சளைத்ததல்ல. இரண்டாக அரிந்து, கொட்டை எடுத்து, உப்பிலிட்டு வைத்தால் பல மாதம் கெடாது. கறுத்துப் பழுத்ததை அப்படியே தின்னலாம். ஜெல்லிக்கும் ஏற்றது, தானாகவே இறுகும் தன்மை அதில் உண்டு.

இவ்வளவு இருந்தும் இது மண்டிக்கு அதிகம் வருவதில்லை. காய் மூன்று நாலு நாள் தாங்கும், பழமோ சீக்கிரம் கசிந்துவிடும்; முள்ளில் பறிக்கும் கூலியும் கட்டுப்படியாகாது. ஆகவே மொத்த வியாபாரத்துக்கு இதை நாங்கள் சிபாரிசு செய்யவில்லை. கொல்லையில் காய்த்ததை ஊறுகாய் போட்டு வீட்டுக்கு வைத்துக்கொள்ளலாம்.

ஓர் எச்சரிக்கை. களா, அரளி இனத்தைச் சேர்ந்த செடி. இதன் பழம் உண்ணத் தக்கது; ஆனால் அரளியோ விஷம். ஆகவே காய்த்த செடியைப் பார்த்து, தெரிந்தவரிடம் மட்டுமே கன்று வாங்குங்கள்.